ஐந்தாம் வருடத்துக்காகக் காத்திருப்பவர்கள்: கன்சோல் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ நிறுவனங்களில் கன்சோல்களின், அதாவது டிவியில் இணைத்து வீடியோ கேம் ஆடும் பெட்டிகளின், விலையை முடிவு செய்யும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குலசேகரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் கடையில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, காசு கொடுக்கும்போது கேட்டான்: "அண்ணா, பிளேஸ்டேஷன் 5 எப்போது விலை குறையும்?" என் கடைக்கு வரும் பையன்கள் வருடக்கணக்காகக் கேட்டுவரும் கேள்விதான் இது. சோனி கன்சோலின் பெயரில் இருக்கும் எண் மட்டும்தான் மாறும். முன்பு 3, பிறகு 4, இப்போது 5. இத்தனை நாளும் என்னிடம் பதில் இருந்தது. "இன்னும் இரண்டு வருடம் பொறுத்துக்கொள்" என்பேன், அப்படியே நடக்கும். இந்த முறை பையனுக்குச் சொல்ல எதுவும் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில், மேம்பாலத்தை ஒட்டிய ஒரு சந்தின் மாடியில் கேம் சென்டர் நடத்துகிறேன். 2008-ல் தொடங்கியது. பத்துக்குப் பதினாறு அடி அறை. நான்கு டிவி, நான்கு கன்சோல், எட்டு பிளாஸ்டிக் நாற்காலி. இன்று ஆளுக்கு மணிக்கு 50 ரூபாய். கருங்கல், அருமனை, திருவட்டார், தக்கலை என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். தூத்தூர், வள்ளவிளை பக்கத்துக் கடற்கரைப் பையன்கள் கூட்டமாக வருவார்கள். அந்த ஊர்களில் கால்பந்து என்பது உயிர்மூச்சு. மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவர்கள், இங்கே வந்து கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு திரையில் ஒரு பெனால்டிக்காகச் சண்டை போடுவதை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் கன்சோல் எப்படி வீடு வந்து சேர்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியான வருடமே வாங்குபவர்கள் மிகச் சிலர். வளைகுடாவில் அப்பாவோ அண்ணனோ வேலை செய்கிற வீடுகள் அவை. விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் துணிகளுக்கு நடுவே பொதிந்து எடுத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் வந்து இறங்குவார்கள். மற்றவர்கள் காத்திருப்பார்கள். அதிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவரின் மகன் காத்திருப்பான். முந்திரி ஆலைக்குப் போகிற அம்மாவின் மகன் காத்திருப்பான். மூன்றாம் வருடம் விலை ஒரு படி இறங்கும், ஐந்தாம் வருடம் இன்னொரு படி. வளைகுடா வீட்டுப் பையன் அடுத்த கன்சோலுக்குப் போகும்போது பழையதை விற்பான். அது கருங்கலில் ஒரு வீட்டுக்குப் போகும். அங்கிருந்து இரண்டு வருடம் கழித்துப் பேச்சிப்பாறைப் பக்கம் போகும். மேட்டில் பெய்த மழை கால்வாய் வழியாகக் கடைசி வயலுக்கு வந்து சேர்வது போலத்தான். தாமதமாகும், ஆனால் வந்துவிடும்.

இது எங்கள் கற்பனை அல்ல. நீங்கள் இத்தனை காலம் நடந்துகாட்டிய வழி. முதல் பிளேஸ்டேஷன் 1995-ல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்தது, மறு வருடமே 199 ஆனது. பிளேஸ்டேஷன் 2 வந்தது 2000-ல், அதே 299 டாலருக்கு. 2002-ல் 199, 2004-ல் 149, 2006-ல் 129, 2009-ல் 99. பிளேஸ்டேஷன் 3 வந்த 2006-ல் 499, 599 என்று விலையைக் கேட்டு உலகமே திகைத்தது. அதுவும் 2009-ல் 299-க்கும் 2011-ல் 249-க்கும் இறங்கியது. பிளேஸ்டேஷன் 4 இந்தியாவுக்கு 2014 ஜனவரியில் 39,990 ரூபாய்க்கு வந்தது. மெலிந்த வடிவம் வந்தபோது சுமார் முப்பதாயிரத்துக்குக் கிடைத்தது. இதற்கிடையில் டாலருக்கு எதிரான ரூபாயின் மதிப்பு ஏறவில்லை, சரிந்துகொண்டுதான் வந்தது. அப்படியிருந்தும் விலை இறங்கியது என்பதை நினைவில் வையுங்கள்.

என் கடையே அந்த இறக்கத்தில் பிறந்ததுதான். 2008-ல் இரண்டு பழைய பிளேஸ்டேஷன் 2 செட்டுகளோடு தொடங்கினேன். அன்றைக்கு ஊரெங்கும் கேம்களின் கள்ள டிஸ்க்தான். நானும் அதையே போட்டு ஓட்டினேன், அதை மறைக்க விரும்பவில்லை. அசல் டிஸ்க் ஒன்றின் விலை என் கடையின் ஒரு வார வருமானம். பிறகு நிலைமை மாறியது. பிளேஸ்டேஷன் 4 காலத்தில் நாங்கள் எல்லாரும் அசலுக்கு வந்தோம். சட்டத்துக்குப் பயந்து வந்தோம் என்று நினைக்காதீர்கள். பழைய அசல் டிஸ்க் மலிவாகக் கிடைத்தது, வாங்கி ஆடிவிட்டு விற்கவும் முடிந்தது. கள்ள டிஸ்க்கிலேயே ஊறிய ஒரு மாவட்டத்தை நேர்வழிக்குக் கொண்டுவந்தது அந்தக் கைமாற்று வியாபாரம். இதை உங்கள் கணக்குப் புத்தகம் காட்டாது. அதனால் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு டிஸ்க் இருக்கிறது. அதன் பிளாஸ்டிக் உறையைத் திறந்தால், அட்டையின் உள்புறத்தில் பேனாவாலும் பென்சிலாலும் ஊர்ப்பெயர்கள் வரிசையாக எழுதியிருக்கும். நாகர்கோவில், தக்கலை, குளச்சல், மறுபடியும் தக்கலை, கருங்கல், அருமனை. யார் தொடங்கி வைத்த பழக்கம் என்று தெரியவில்லை. வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரை எழுதியிருக்கிறார்கள். ஏழாவதாக மார்த்தாண்டம் என்று நான் எழுதினேன். ஏழு வீடுகளில் ஆடிய டிஸ்க் அது. ஒரு கீறல்கூட இல்லை, இன்றும் ஓடுகிறது. முதல் ஆள் கொடுத்த முழு விலையில் ஒரு பகுதியை இரண்டாம் ஆள் தாங்கினான், அவனுடையதை மூன்றாம் ஆள். முதல் ஆளால் முழு விலை கொடுக்க முடிந்ததே, பின்னால் ஓர் இரண்டாம் ஆள் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில் 2020-ல் 499 டாலருக்கு வந்தது, டிஸ்க் போட முடியாத வடிவம் 399-க்கு. ஐந்து வருடம் கழித்து, 2025 ஆகஸ்டில், அவை 549.99, 499.99 ஆயின. டிஸ்க் இல்லாததில் மட்டும் நூறு டாலர் ஏற்றம். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499-ல் தொடங்கியது. 2025-ல் மட்டும் இரண்டு முறை விலை ஏற்றி 649.99-ல் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். ஏழைக்கான எக்ஸ்பாக்ஸ் என்று நாங்கள் நம்பிய சீரிஸ் எஸ் 299-லிருந்து 399.99 ஆகிவிட்டது. 2017-ல் 299.99-க்கு வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச், எட்டு வயதான பிறகு, தனக்கு அடுத்தது சந்தைக்கு வந்துவிட்ட பிறகு, 339.99 ஆனது. எட்டு வருடப் பழைய கன்சோலுக்கு விலை ஏறியதை என் வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990. அடுத்த வருடம் நவம்பரில் இரண்டிலும் ஐயாயிரம் ஏறியது. 2024-ல் மெலிந்த வடிவம் வந்தது. முன்பெல்லாம் மெலிந்த வடிவம் வந்தால் விலையும் மெலியும். இந்த முறை அதே 54,990, அதே 44,990. தீபாவளி நேரத்தில் தள்ளுபடி கொடுக்கிறீர்கள், உண்மைதான். ஆனால் அந்த ஒரு வாரத்தில் கையில் பணம் இருப்பவனுக்குத்தான் அது உதவும். சிறுகச் சிறுகச் சேர்ப்பவனுக்கு, நாளைக்கும் அடுத்த மாதமும் அதே விலையில் இருக்கும் என்ற நிச்சயம்தான் தேவை.

புதியதின் விலை இறங்காவிட்டால் பழையதின் விலையும் இறங்காது. உங்கள் அறிக்கைகளில் இடம்பெறாத, என் கடையில் தினமும் பார்க்கிற விஷயம் இது. 2019-ல் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4-ஐ 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது என் கட்டணம் மணிக்கு 40 ரூபாய். 350 மணி நேரத்தில் போட்ட பணம் வந்துவிட்டது. சென்ற மாதம் நான்கு வருடம் ஓடிய ஒரு பிளேஸ்டேஷன் 5-க்கு 35,000 கேட்டார்கள். ஏன் இவ்வளவு என்றேன். "புதியது 55,000 ஆயிற்றே அண்ணா" என்றான் விற்க வந்த பையன். அவன் சொன்னதில் தவறில்லை. இன்றைய 50 ரூபாய்க் கட்டணத்தில் அந்த 35,000 திரும்பி வர 700 மணி நேரம் ஆகும். கரண்ட் பில், வாடகை, டிஸ்க் எதுவும் சேர்க்காமல் சொல்கிறேன். கட்டணத்தை ஏற்றினால் பையன்கள் ஆளுக்கொரு செல்போனை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

விலை ஏன் ஏறுகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் பக்கத்து நியாயத்தைக் கேட்காமல் வழக்கு உரைக்க நான் வரவில்லை. அந்தக் காலத்தில் ஒரு கன்சோலின் சிப்பை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிறிதாக்க முடிந்தது. பிளேஸ்டேஷன் 2-ல் தொடக்கத்தில் தனித்தனியாக இருந்த இரண்டு பெரிய சிப்புகள் பின்னாளில் ஒன்றாகவே ஆயின. சிப் சிறிதானால் ஒரே சிலிக்கான் வட்டிலிருந்து அதிகச் சிப்புகள் கிடைக்கும், ஒவ்வொன்றின் செலவும் சூடும் குறையும், மின்விசிறி சிறிதாகும், பெட்டியும் சிறிதாகும். அந்த மிச்சம்தான் எங்களிடம் விலைக் குறைப்பாக வந்தது. இன்று அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. பிளேஸ்டேஷன் 5-ன் சிப், அதன் நுண்மையைச் சொல்லும் அளவில், 7 நானோமீட்டரிலிருந்து 6-க்கு 2022-ல் வந்தது. அவ்வளவுதான் நகர முடிந்தது. அதற்கும் சிறிதாக்க வேண்டுமென்றால் வட்டின் விலையே மிகவும் கூடிவிடுகிறது. நினைவகச் சிப்புகளையோ செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் வாரிக்கொண்டு போகின்றன. 2025-ன் கடைசி மாதங்களில் அவற்றின் விலை ஏறிய வேகத்தை, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பர் வழியாக நானே பார்த்தேன். அமெரிக்கா போட்ட இறக்குமதி வரி வேறு. இவை எல்லாம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கதையில் பாதிதான் இது. கன்சோலை நஷ்டத்துக்கு விற்று கேமில் சம்பாதிப்பது உங்கள் தொழிலின் பழைய வழக்கம். கேம் உருவாக்கும் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில், 2021-ல், எக்ஸ்பாக்ஸ் கன்சோல் விற்பனையில் மைக்ரோசாஃப்டுக்கு ஒருபோதும் லாபம் வந்ததில்லை என்று அந்நிறுவனத்தின் அதிகாரியே சாட்சி சொன்னார். ஒவ்வொரு கன்சோலிலும் 100 முதல் 200 டாலர் வரை கையிலிருந்து போடுவதாக 2022-ல், அப்போது எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சர் சொன்னார். சோனி தன் 499 டாலர் பிளேஸ்டேஷன் 5 இனி நஷ்டத்தில் விற்கப்படவில்லை என்று 2021-லேயே அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அதன் விலை ஏறியது.

நஷ்டத்தைத் தாங்கியதற்குக் காரணம், பின்னால் வரும் வருமானம். அந்த வருமானம் இன்று குறைந்திருக்கிறதா? பிளேஸ்டேஷன் 2 காலத்தில் ஒரு டிஸ்க் விற்றால் ஒருமுறை பங்கு கிடைக்கும், அதோடு முடிந்தது. இன்று உங்கள் டிஜிட்டல் கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும், கேமுக்குள் விற்கும் ஒவ்வொரு உடையிலும் ஆயுதத்திலும் சுமார் 30 சதவீதம் உங்களுக்கு வருகிறது. நண்பனோடு இணையத்தில் சேர்ந்து ஆடக்கூடப் பெரும்பாலான கேம்களுக்குச் சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் சந்தாவும் ஏறிக்கொண்டே போகிறது. 60 டாலராக இருந்த புது கேம் 70 ஆயிற்று, 2025-ல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு வந்த மரியோ கார்ட் கேம் 80-ஐத் தொட்டது. ஒரு கன்சோல் தன் ஆயுளில் உங்களுக்குச் சம்பாதித்துத் தரும் தொகை முன்பைவிடக் கூடியிருக்கும்போது, வாசற்படியின் உயரத்தையும் கூட்டுவது எந்த வியாபாரத்தில் நியாயம்? எங்கள் ஊர் வாழைக்குலை வியாபாரிகூட, தினமும் வருகிற வாடிக்கையாளருக்கு விலையைப் பார்த்துத்தான் சொல்வார்.

டிஸ்க் இல்லாத வடிவத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைக் குறைந்த விலைக் கன்சோல் என்று விற்கிறீர்கள். பையன்களும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் டிஸ்க் போடும் பாகத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்தாதவரை, அதை வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு கடைதான், உங்கள் கடை. உறைக்குள் ஊர்ப்பெயர் எழுதிய டிஸ்க் எதுவும் அவனுக்குப் பயன்படாது. நண்பனிடம் இரவல் வாங்க முடியாது, ஆடி முடித்ததை விற்க முடியாது. உங்கள் பெரிய கேம்கள் 4,999 ரூபாய் என்று வருகின்றன. டிஸ்க்காக வாங்கினால், ஆடிவிட்டு விற்கும்போது பாதிப் பணமாவது கைக்கு வரும். டிஜிட்டலாக வாங்கினால் மொத்தமும் போனதுதான். இப்படி நான்கு கேம் வாங்குவதற்குள், கன்சோலில் மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடும். நிண்டெண்டோவும் ஸ்விட்ச் 2-க்கு, உள்ளே கேமே இல்லாமல் சாவி மட்டும் இருக்கிற அட்டைகளைக் கொண்டுவந்திருக்கிறது. கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். 100 ஜிபி கேமை, நாளொன்றுக்கு 2 ஜிபி கிடைக்கும் செல்போன் திட்டத்தில் இறக்க 50 நாள் ஆகும். ஃபைபர் இணைப்பு எட்டாத மலையோர வீடுகளுக்கு இதுதான் கணக்கு.

எங்களை மலிவாகக் கிடைத்தால் போதும் என்று அலைகிற கூட்டமாக நினைத்துவிடாதீர்கள். கன்சோலை நாங்கள் காப்பாற்றுகிற அளவுக்கு யாரும் காப்பாற்றமாட்டார்கள். என் மேஜை இழுப்பறையில் எப்போதும் ஒரு சிறிய ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் இரும்பு, ஒரு குப்பி ஆல்கஹால், பழைய பல்துலக்கி ஆகியவை இருக்கும். கன்ட்ரோலரின் குச்சிக்கு அடியில் பெரும்பாலும் இரண்டு சிறிய பொட்டன்ஷியோமீட்டர்கள் இருக்கும். உள்ளே கரிப்பூச்சு பூசிய பட்டை. அதன்மேல் ஒரு மெல்லிய உலோகக் கம்பி உரசி உரசி, ஆடுபவனின் விரல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடிய பிறகு அந்தப் பூச்சு தேய்ந்துவிடும். அப்புறம் கையை எடுத்தாலும் திரையில் ஆள் தானாக இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பான். கன்ட்ரோலரைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்க ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் வேண்டும். அதனால் பழைய பாகத்தின் பதினான்கு கால்களையும் ஒவ்வொன்றாகச் சூடாக்கி எடுத்துவிட்டுப் புதியதை வைப்பேன். ஒன்றரை மணி நேர வேலை. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் செட்டுகளைத் திறந்தால், உப்புக்காற்றில் மின்பலகையின் ஓரங்கள் பச்சை பிடித்திருக்கும். பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் மறுபடியும் ஓடும். இப்படித்தான் 2013-ல் செய்த கன்சோல் இன்றும் எங்கள் ஊரில் கோல் அடித்துக்கொண்டிருக்கிறது.

2009-ல், கில்லித்தண்டும் கபடியும் பட்டமும் கொண்ட ஓர் இந்திய விளையாட்டுத் தொகுப்பு பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. அதை என் கடையில் போட்டபோது, பேரனை அழைத்துப்போக வந்த தாத்தா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். மலிவான கன்சோல் எங்கள் வீடுகளுக்குள் வந்த பிறகுதான் எங்கள் விளையாட்டும் உங்கள் கன்சோலுக்குள் வந்தது. இன்று இந்தியாவில் கேம் உருவாக்குபவர்களுக்குக் கைகொடுக்க சோனி தனித்திட்டமே நடத்துகிறது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இங்கே உருவாகப்போகும் கேம்களை இங்கே ஆடப்போகிறவன் யார்? ஐம்பத்தைந்தாயிரம் கொடுத்து வாங்க முடிந்தவன் மட்டும்தானா?

ஊருக்கு ஏற்ற விலை வைக்க வழியில்லை என்று சொல்லமாட்டீர்கள் என நம்புகிறேன். ஏனென்றால் வழியை நீங்களே காட்டிவிட்டீர்கள். 2025-ல் ஸ்விட்ச் 2 வந்தபோது ஜப்பானில் அதற்கு இரண்டு விலை வைத்தது நிண்டெண்டோ. ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும் வடிவம் அப்போது 49,980 யென், பல மொழிகளில் இயங்குவது 69,980 யென். சோனியும் 2025 நவம்பரில், ஜப்பானிய மொழிக்கு மட்டுமான டிஜிட்டல் பிளேஸ்டேஷன் 5-ஐ 55,000 யென்னுக்குக் கொண்டுவந்தது. யென் வலுவிழந்ததால் உள்நாட்டு மக்களுக்குக் கன்சோல் எட்டாமல் போகக்கூடாது, அதே சமயம் மலிவானதை வாங்கி வெளிநாட்டில் விற்கவும் கூடாது என்பதற்குக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அருமையான ஏற்பாடு. ரூபாயும் வலுவிழந்துதான் கிடக்கிறது. ஜப்பான்காரனுக்கு மொழியைப் பூட்டாக வைத்து விலையைக் குறைக்க முடியுமென்றால், இந்தியக் கணக்கில் மட்டும் இயங்கும் ஒரு கன்சோலை ஏன் செய்ய முடியாது? தமிழ், மலையாளம், இந்தி, தெலுங்கு என்று திரையில் எங்கள் மொழிகளை வைத்துப் பூட்டுங்கள். எங்கள் மாவட்டத்தில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்கும். இரண்டில் எது வந்தாலும் வாசிப்போம்.

இந்த இடத்தில் நம் ஒன்றிய அரசையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. 2018 பட்ஜெட்டில் வீடியோ கேம் கன்சோலுக்கான சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 20 ஆனது. அதன்மேல் சமூகநலக் கூடுதல் வரி பத்தில் ஒரு பங்கு. 2019 ஜனவரியில் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது, அதற்கு நன்றி. இந்த விகிதங்களின்படி துறைமுகத்துக்கு 100 ரூபாய்க்கு வந்து இறங்கும் கன்சோல், சுங்கம் சேர்ந்து 122 ஆகி, அதன்மேல் ஜி.எஸ்.டி. சேர்ந்து கிட்டத்தட்ட 144 ஆகிறது. உள்நாட்டில் செய்யப்படும் பொருளைக் காப்பதற்கான வரி என்றால் புரிந்துகொள்ளலாம். இங்கே செய்யாத பொருளுக்கு அந்த வரி யாரைக் காக்கிறது? இதைக் குறைக்கச் சொல்லி அரசிடம் பேசுங்கள். குறைந்தால், அந்தக் குறைவு முழுவதும் விலைப்பட்டியலுக்கு வரும் என்று எழுத்தில் கொடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இலவசம் அல்ல. வெளியாகி மூன்று வருடம் கடந்த கன்சோலுக்கு இந்தியாவில் விலை ஏற்றமாட்டோம் என்று ஓர் உறுதி கொடுங்கள். அதுவே பெரிய காரியம், சேர்க்கிறவனின் காலுக்குக் கீழே தரை நகராமல் இருக்கும். டிஸ்க் போடும் வசதியை அடுத்த தலைமுறைக் கன்சோலிலும் விட்டுவையுங்கள். அது போனால் எங்கள் ஊரில், ஊர்ப்பெயர் எழுதிய அந்த டிஸ்க்கைப் போல, முதல் ஆளுக்குப் பின்னால் நிற்கும் ஆறு பேருக்கு வாசல் மூடும். பழைய கன்சோலை நீங்களே திரும்ப வாங்கிச் சரிபார்த்து, ஒரு வருட வாரண்டியோடு குறைந்த விலைக்கு இங்கே விற்கலாம். மாற்றுப் பாகங்களை என்னைப் போன்றவர்கள் வாங்கும்படி நியாயமான விலைக்குத் தரலாம். நிண்டெண்டோ நிர்வாகத்தினரிடம் தனியாக ஒன்று: உங்கள் ஸ்விட்சை இந்தியாவில் முறையாக விற்கவே இல்லை. ஸ்விட்ச் வேண்டும் என்றால் எவரோ இறக்குமதி செய்ததை, அவர் வைத்த விலைக்கு, வாரண்டி இல்லாமல் வாங்க வேண்டியிருக்கிறது. முதலில் வாருங்கள். விலையைப் பற்றி வந்த பிறகு பேசலாம்.

குலசேகரத்துப் பையனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்று அவன் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினான். ஆறாம் வகுப்பில் தொடங்கிய கணக்கு. அப்பா வெட்டும் தோட்டத்தில், சிரட்டையில் ஒட்டிக் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை விடுமுறை நாட்களில் உரித்துச் சேர்த்து, விற்றதில் அவனுக்குக் கிடைக்கும் பங்கு தேதிவாரியாக எழுதியிருந்தது. 60, 85, 40, 110. எங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், மழை நாளில் பால் வெட்டு இல்லை. அதனால் ஆனி, ஆடியிலும் ஐப்பசியிலும் தேதி மட்டும் இருக்கிறது, எதிரே கோடு. நான்கு வருடத்தில் சேர்ந்தது 21,350 ரூபாய்.

நோட்டின் முதல் பக்கத்தில், மேலே, பெரிய எழுத்தில் 39,990 என்று எழுதி அடித்திருக்கிறான். அதற்குக் கீழே 44,990 என்று எழுதியிருக்கிறான். டிஸ்க் இல்லாததை வாங்காதே என்று அவனிடம் சொன்னேன், காரணத்தையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டான். அந்த எண்ணையும் அங்கேயே அடித்துவிட்டு, அதற்கடியில் ஒரு வரி இடம் விட்டு, நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். அரையாண்டு விடுமுறையில் மறுபடியும் வருவான். அந்த வரியில் எழுத அவனுக்கு ஓர் எண்ணைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கேம் சென்டர் நடத்தும் ஒருவன்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.